தங்கிப் படமெடுத்தவர்கள்: ஜப்பானின் சுயாதீன ஆவணப்படமும் ஊர் நினைவும்



ஜப்பானியப் பண்பாடு என்றவுடன் தேநீர்ச் சடங்கு, செர்ரிப் பூ, கிமோனோ, கூழாங்கல் பரப்பிய ஜென் தோட்டம் என்று சில படங்கள் எல்லோர் மனத்திலும் வரிசைகட்டி வரும். அவற்றின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் அந்த நாட்டில் கடனை வாங்கி, நிலத்தை உழுது, ஊர்க்காரர்களோடு ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்து ஒரு கூட்டம் எடுத்த படங்களில் இவற்றுக்கு அதிக இடமில்லை. அங்கே நெல் வருகிறது, பாதரசம் வருகிறது, விமான நிலையம் வருகிறது, மரப்படகு வருகிறது. பண்பாடு இவற்றுக்குள்தான் எங்கோ இருக்கிறது என்று அந்தப் படைப்பாளிகள் நம்பினார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சுயாதீனம் என்றால் தயாரிப்பாளர் இல்லாமை, தணிக்கைக்கு அடங்காமை என்று நாம் பொருள் கொள்கிறோம். ஜப்பானில் அது முதன்மையாக நேரத்தைப் பற்றிய முடிவாக இருந்தது. ஓர் ஊரில் எத்தனை காலம் இருக்கலாம், அந்தக் காலத்துக்கு யார் செலவு செய்வது என்ற கேள்விக்கு அவர்கள் தாங்களே பதில் சொன்னார்கள். ஊரின் நினைவு பேட்டியில் வருவதைக் காட்டிலும் வேலையில்தான் அதிகம் வெளிப்படும். அந்த வேலையோ பருவத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். பருவம் முழுவதும் இருப்பவருக்குத்தான் அது கிடைக்கும்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கமேய் ஃபுமியோ 1939இல் ராணுவத்தின் ஆதரவோடு சீனப் போர்க்களத்துக்குப் போய்ப் 'போரிடும் வீரர்கள்' என்ற படத்தை எடுத்தார். திரையில் வந்தவர்கள் களைத்துப்போன வீரர்கள், படம் வெளிவரவில்லை. 1941இல் அவரைக் கைது செய்து, இயக்குநர் உரிமத்தையும் பறித்தார்கள். போர் முடிந்தபின் 1946இல் அவர் எடுத்த 'ஜப்பானின் துயரம்' படத்தை அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் தடுத்தது. ஒரே மனிதரை இரண்டு எதிரெதிர் அதிகாரங்களும் சகிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அரசுப் பணத்தைக் கண்டு ஒதுங்கியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

1950இல் தொடங்கிய இவானாமி படநிறுவனம் அடுத்த தலைமுறையின் பயிற்சிப் பட்டறை. எஃகு ஆலைகளுக்கும் அணைக்கட்டுகளுக்கும் விளம்பரப் படங்கள் செய்துகொடுத்த அந்த நிறுவனத்தில்தான் ஒகாவா ஷின்சுகே, சுச்சிமோட்டோ நொரியாகி, ஹனேடா சுமிகோ மூவரும் வேலை கற்றார்கள். ஆலையைப் புகழ்ந்து படமெடுத்துத் தொழில் பழகியவர்களில் ஒருவரான சுச்சிமோட்டோ, பின்னால் ஓர் ஆலைக் கழிவின் கதையை எழுத்துக்கு எழுத்து பதிவு செய்தார் என்பது எனக்கு எப்போதும் சுவையான செய்தி.

முதலில் ஒகாவா. டோக்கியோவுக்குப் புதிய பன்னாட்டு விமான நிலையம் சிபா மாவட்டத்தின் சன்ரிஸுகாவில் அமையும் என்று 1966இல் அரசு முடிவெடுத்தது. நிலத்துக்காரர்களிடம் கேட்காமல் எடுத்த முடிவு. விவசாயிகள் எதிர்த்தார்கள், மாணவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒகாவாவின் குழு 1968இல் அங்கே போய்க் குடியேறியது. 1977 வரை ஏழு படங்கள். முதல் படத்தில் கேமரா நிற்கும் இடத்தைக் கவனியுங்கள்: விவசாயிகள் பக்கத்தில், கல்லும் கம்பும் பறக்கும் இடத்தில். போலீஸ் வரிசைக்குப் பின்னால் பாதுகாப்பாக நின்று தூரத்துக் காட்சியை இழுத்துப் பிடிக்கும் வேலையே இல்லை. நடுநிலை என்ற பேச்சையே அவர்கள் எடுக்கவில்லை.

அந்த ஏழில் எனக்கு முக்கியமானது 1973இல் வந்த 'ஹெட்டா கிராமம்'. அதற்குள் மோதல் உச்சத்துக்குப் போய்விட்டது. 1971 செப்டம்பரில் மூன்று போலீஸ்காரர்கள் இறந்தார்கள், அடுத்த மாதமே போராட்ட இளைஞர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். செய்தி நிறுவனங்கள் எல்லாம் சண்டைக் காட்சிக்கு அலைந்த நேரத்தில் ஒகாவா கேமராவை வீட்டுக்குள் திருப்பினார். கிழவர்கள் பழங்கதை சொல்கிறார்கள், பெண்கள் கூடிப் பேசுகிறார்கள், கல்லறைகளை என்ன செய்வது என்று ஊர் யோசிக்கிறது. ஒரு காட்சி பத்து நிமிடம் வெட்டாமல் ஓடும். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தப் படம் சோதனைதான். ஆனால் எதைக் காப்பாற்றுவதற்காக அந்த மக்கள் தடியடி வாங்கினார்கள் என்பது முந்தைய படங்களைவிட இதில்தான் விளங்குகிறது.

1970களின் நடுவில் குழு வடக்கே, யாமகாட்டா மாவட்டத்தில் கமினோயாமா நகரைச் சேர்ந்த மகினோ என்ற கிராமத்துக்கு இடம்பெயர்ந்தது. அழைத்தவர் அந்த ஊர் விவசாயியும் கவிஞருமான கிமுரா மிச்சியோ. இம்முறை போராட்டம் எதுவும் இல்லை. வீடு கிடைத்தது, வயல் கிடைத்தது, நெல் பயிரிட்டார்கள். தங்கள் வயலையே படமெடுத்தார்கள். பத்தாண்டுகளுக்கும் மேல் இப்படி!

இதில் விளைந்த முதல் பெரிய படம் 1982இல் வந்த 'ஜப்பான் நாடு: ஃபுருயாஷிகி கிராமம்'. மகினோவுக்கு மேலே மலையில் எட்டு வீடு மட்டும் எஞ்சிய சிற்றூர். மூன்றரை மணி நேரப் படத்தின் முற்பகுதி முழுவதும் ஒரே விசாரணை: 1980 கோடையில் குளிர் தாக்கி நெல் பதராய்ப் போனது ஏன்? கதிர் பொதி கட்டும் நேரத்தில் குளிர்காற்று பட்டால் மகரந்தம் கெட்டுவிடும், பால் பிடிக்காது. ஆனால் ஒரு வயலில் பதர், பக்கத்து வயலில் நல்ல மணி. காரணம் கண்டுபிடிக்க அவர்கள் வெப்பமானிகளோடு வயல்வெளியில் அலைகிறார்கள்; மலைச்சரிவு முழுவதையும் சிறிய மாதிரியாகச் செய்து, உலர்பனிக்கட்டியின் புகையை அதன் மேல் விட்டு, குளிர்காற்று எந்தப் பள்ளத்தில் இறங்கி எங்கே தேங்குகிறது என்று காட்டுகிறார்கள். வெண்புகை மெல்ல வழிந்து வயலை மூடுவதைப் பார்க்கும்போது பேய்ப்படம் பார்ப்பது போல் நெஞ்சு படபடக்கும். வேளாண்துறைப் பாடப்படம் என்று இதை ஒதுக்கியவர்கள் உண்டு. பெர்லின் திரைப்பட விழாவில் 1984இல் பன்னாட்டு விமர்சகர் பரிசு பெற்றது இதே படம்தான்.

குளிர்காற்றுக்கு இத்தனை நேரம் எதற்கு? பயிரைப் பற்றித் தெரிந்தவர்கள் என்ற தகுதி வந்தபின்தான் ஊர்க்காரர்கள் வாயைத் திறக்கிறார்கள். படத்தின் பிற்பகுதியில் கரிமூட்டம் போடுகிறவர் வருகிறார், பட்டுப்புழு வளர்த்த காலம் வருகிறது, போருக்குப் போனவர்களும் அவர்களுக்காகக் காத்திருந்தவர்களும் வருகிறார்கள். எட்டு வீட்டு ஊரின் கதையில் ஒரு நாட்டின் இருபதாம் நூற்றாண்டே அடங்கிவிடுகிறது. தலைப்பில் 'ஜப்பான் நாடு' என்று போட்டது குசும்பா, பிரகடனமா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். இரண்டும்தான் என்பது என் எண்ணம்.

அடுத்தது 'ஆயிரம் ஆண்டு கீறல்கள் கொண்ட சூரியக் கடிகாரம்: மகினோ கிராமத்தின் கதை'. 222 நிமிடம். நெற்பூ திறந்து, மகரந்தம் சிந்தி, கருவுறுவதை நுண்ணோக்கி வழியாகப் பிடித்திருக்கிறார்கள். ஒளிப்பதிவு தமுரா மசாகி. வயலைத் தோண்டினால் ஜோமோன் காலத்துப் பானை ஓடுகள் வருகின்றன. இடையிடையே ஊர்க்கதைகள் நாடகமாகின்றன. அவற்றில் ஒன்றில் புட்டோ நடனத்தை உருவாக்கிய ஹிஜிகாட்டா தட்சுமி நடித்திருக்கிறார். படம் வெளிவரும் முன்பே, 1986 தொடக்கத்தில், அவர் காலமாகிவிட்டார். 18ஆம் நூற்றாண்டில் வரிக்கொடுமையை எதிர்த்து எழுந்து கொல்லப்பட்ட ஐந்து விவசாயத் தலைவர்களின் கதையை இன்றைய கிராமத்தார் நடித்துக் காட்டுகிறார்கள். வசனம் சொல்கிறவர்களின் கை அன்றாடம் மண்வெட்டி பிடிக்கும் கை. அந்தக் கை விசாரணை மன்றத்தின் முன் ஊன்றி நிற்கிறது. தொழில்முறை நடிகரும் அதே திரையில் இருக்கிறார், ஊர்க்காரரும் இருக்கிறார், யாரும் யாருக்கும் குறைவில்லை.

இந்தப் படத்தைச் சாதாரணத் திரையரங்கில் காட்டக் குழுவுக்கு மனமில்லை. 1987இல் கியோட்டோவில் மண்ணாலும் கூரைப்புல்லாலும் இதற்கென்றே ஒரு தற்காலிக அரங்கம் எழுந்தது. தயாரிப்பு தங்களுடையது, திரையிடலும் தங்களுடையது என்ற வழக்கம் அங்கே ஏற்கெனவே வேரூன்றி இருந்தது. தொழிற்சங்கம், மாணவர் மன்றம், ஊர்க் கூடம் என்று புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு போவார்கள்; டிக்கெட் பணம் அடுத்த படத்துக்குப் போகும். ஒகாவாவின் முயற்சியோடு 1989இல் யாமகாட்டா நகரம் தன் நூற்றாண்டையொட்டிப் பன்னாட்டு ஆவணப்பட விழா ஒன்றைத் தொடங்கியது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அது இன்றும் நடக்கிறது. ஆசியப் படைப்பாளிகளுக்கான பரிசு ஒன்று ஒகாவா பெயரில் இருக்கிறது.

புகழ்ந்துகொண்டே போனால் அது அஞ்சலிக் கூட்டம் ஆகிவிடும். 1992 பிப்ரவரியில் ஒகாவா இறந்தபோது குழுவின் தலைமேல் பெருங்கடன் இருந்தது. உறுப்பினர்களுக்குச் சம்பளம் என்ற பேச்சே இருந்ததில்லை. அமெரிக்க இயக்குநர் பார்பரா ஹாமர் 2000இல் இந்தக் குழுவைப் பற்றி எடுத்த 'அர்ப்பணிப்பு' என்ற படத்தில் பழைய உறுப்பினர்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள். குழுவிலிருந்த பெண்களுக்குச் சமையலும் வீட்டு வேலையும் எப்படி வந்து விழுந்தன என்பதும் அதில் தெரிகிறது. விவசாயியின் உழைப்பை இத்தனை நுணுக்கமாகப் பார்த்த கேமரா தன் சமையலறைப் பக்கம் திரும்பவில்லை. நேரத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கேள்வி இங்கே சங்கடமான பதிலோடு நிற்கிறது. இந்தப் படங்களை நேசிக்கிறவர்கள் அதை மறைக்கக் கூடாது.

சுச்சிமோட்டோவின் பாதை வேறு. க்யூஷூ தீவின் மினமாட்டாவில் சிஸ்ஸோ ஆலை கடலில் விட்ட மெத்தில் பாதரசம் மீன் வழியாக மனிதர்களின் நரம்பு மண்டலத்தைத் தின்றது. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே மாதம். ஆலைக்கழிவுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பர். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். 1965இல் தொலைக்காட்சிக்காகச் சுச்சிமோட்டோ அங்கே போனபோது, தன் பிள்ளையைக் கேமராவுக்குள் அடைக்க வந்தாயா என்ற பொருளில் ஒரு தாய் சீறியிருக்கிறார். அந்த அடி அவரை விடவில்லை. மீண்டும் போய், வீடு வீடாகப் பழகி எடுத்ததுதான் 1971இன் 'மினமாட்டா: பாதிக்கப்பட்டவர்களும் அவர்களின் உலகமும்'.

இந்தப் படத்தின் தலைப்பில் 'உலகம்' என்ற சொல்லுக்கு நியாயம் செய்யும் காட்சி ஒன்று உண்டு. வயதான மீனவர் ஒருவர் முழங்காலளவுத் தண்ணீரில் நடந்து பேய்க்கணவாய் பிடிக்கிறார். கல்லிடுக்கைக் குத்துகிறார், வளைந்து நெளியும் அதை எடுத்து, கண்களுக்கு நடுவே பல்லால் கடித்துச் சாகடித்து, இடுப்பில் கோத்துக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போகிறார். வெயில், தெளிந்த நீர், ஓர் ஆளின் வாழ்நாள் சாமர்த்தியம். நஞ்சு கலந்த கடலும் இதே கடல்தான். கண்டனக் குரல் எதுவும் எழுப்பாமலே என்ன பாழானது என்று அந்தக் காட்சி நமக்குப் புரியவைக்கிறது. இன்னொரு முனையில், 1970 நவம்பரில் ஒசாகாவில் நடந்த சிஸ்ஸோ பங்குதாரர் கூட்டம். நோயாளிகளும் குடும்பத்தாரும் ஆளுக்கொரு பங்கு வாங்கி, யாத்திரிகர் உடுத்தும் வெள்ளாடையில், மணியடித்துப் பக்திப்பாடல் பாடிக்கொண்டு அரங்கில் நுழைகிறார்கள். தலைவரின் எதிரே இறந்துபோன பெற்றோரின் நினைவுப் பலகையை நீட்டி ஒரு பெண் கதறுகிறார். மரபு வழிபாட்டுக் கலை போராட்டக் கருவியாகும் கணம் அது. நாட்டார் கலை அழிகிறது என்று வருந்துகிறவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

படம் முடிந்தவுடன் அவர் கிளம்பிவிடவில்லை. நோயைப் பற்றிச் சரியான தகவலே எட்டாத ஷிரானுய் கடலோரக் குப்பங்களுக்கும் தீவுகளுக்கும் 1977இல் படப்பெட்டிகளோடு சுற்றித் திரையிட்டார். 1996இல் டோக்கியோவில் நடந்த மினமாட்டா கண்காட்சிக்காக, வயோதிகத்தில், மனைவியோடு வீடு வீடாகப் போய் இறந்தவர்களின் ஏறத்தாழ 500 உருவப்படங்களைத் திரட்டினார். நோயை மறைத்து வாழ்ந்த குடும்பங்களிடமிருந்து ஒரு புகைப்படம் வாங்குவது எத்தனை கடினம் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

அதே நஞ்சு ஜப்பானின் மறுகரையில், நீகாட்டா மாவட்டத்தின் அகானோ ஆற்றிலும் கலந்தது. ஆலை ஷோவா டென்கோ. நோய் வெளிப்பட்டது 1965இல். அங்கேதான் சாட்டோ மகோட்டோ போனார். அவர் அப்போதுதான் முப்பதைக் கடந்திருந்தார். ஏழு இளைஞர்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மூன்றாண்டு தங்கினார்கள். பணம் நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த நன்கொடை. 1992இல் வந்த 'அகாவில் வாழ்தல்' அதன் பயன். இன்றைய பேச்சில் நான் ஒரே ஒரு படத்தைப் பரிந்துரைக்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

வழக்கும் இழப்பீடும் படத்தின் ஓரத்தில்தான் இருக்கின்றன. நடுவில் மூன்று முதிய தம்பதிகள். ஒருவர் மலைச்சரிவில் நெல் விளைவிக்கிறவர். முன்பு ஆற்றில் கொக்கி மிதக்கவிட்டுச் சால்மன் பிடித்தவர். ஒருவர் படகு கட்டும் தச்சர். வாழ்நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட படகுகள் கட்டி, சீடன் என்று ஒருவரையும் சேர்க்காதவர். ஒருவர் பசையரிசியை இடித்து மோச்சி செய்கிறவர். மூவருக்கும் குடி பிடிக்கும், சண்டை பிடிக்கும், கேலி பிடிக்கும். படக்குழுவைக் குடிக்கவைத்துக் கவிழ்க்கிறார்கள். கவிழ்ந்ததும் படத்தில் இருக்கிறது.

தச்சர் தொழிலை விட்டுப் பல காலம் ஆகிவிட்டது. இன்னொரு தச்சர் வந்து கற்றுக்கொடுக்கச் சொல்கிறார். பெரியவர் முதலில் அசைய மறுக்கிறார், பிறகு பட்டறைக்குள் போகிறார். சீடர் பலகையை வைத்தவிதம் பிடிக்கவில்லை. வாயால் விளக்க அவருக்கு வரவில்லை. கையை நீட்டித் தானே எடுத்துக்கொள்கிறார். அந்த நோய் விரல்களின் உணர்ச்சியைத் திருடும் நோய் என்பதை நாம் அறிவோம். அந்த விரல்கள் மரத்தின் வளைவைத் தடவிப் பார்க்கின்றன. நோய்ப் பட்டியலில் ஒருவர் இடம்பெறலாமா கூடாதா என்று மருத்துவர் குழு அறிகுறிகளை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், சாட்டோவின் குழு அந்தக் கைக்கு இன்னும் என்னென்ன தெரியும் என்று கணக்கெடுத்தது. படகு ஆற்றில் இறங்கும் நாளில் ஊரே கூடுகிறது. படக்குழு தங்காமல் இருந்திருந்தால் அந்தப் படகு ஒருவேளை கட்டப்பட்டே இருக்காது. பார்க்கிறவர் இருப்பதால் நடக்கும் ஒன்றை ஆவணம் என்று சொல்லலாமா என்று சட்டம் பேசுகிறவர்கள் பேசட்டும். எனக்கு அதில் குழப்பம் இல்லை.

2004இல் சாட்டோ 'அகாவின் நினைவு' என்று 55 நிமிடப் படம் ஒன்று எடுத்தார். முதியவர்களில் பலர் போய்விட்டார்கள். புதர் மண்டிய வயல், ஆளில்லாப் பட்டறை, அடுப்பில் கொதிக்கும் கெட்டில், மழுப்பலாய்ப் பேசும் ஒரு பாட்டி. முதல் படத்தின் கலகலப்பைத் தேடிப் போனவர்கள் ஏமாந்தார்கள். நினைவைப் பற்றிய படம் நினைவுகூர்தலைக் காட்டாமல் எஞ்சிய பொருள்களைக் காட்டுவது துணிச்சல். ஆனால் முதல் படம் பார்க்காதவர்களுக்கு இது பாதிதான் திறக்கும். மூன்றாண்டு கழித்து, நாற்பத்தொன்பது வயதில், சாட்டோ காலமானார்.

கலையைப் பற்றி இதுவரை நேராகப் பேசவில்லை. அதற்கு ஹனேடா சுமிகோ. இவானாமியில் பல்லாண்டு வேலை பார்த்துக்கொண்டே, கிஃபு மாவட்டத்தில் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் வாழும் ஒரு செர்ரி மரத்தைச் சொந்தச் செலவில் நான்காண்டு விட்டுவிட்டுப் படமெடுத்து 1977இல் முடித்தார். பிறகு இவாத்தே மாவட்டத்தின் ஹயாச்சினே மலையடிவாரத்துக்குப் போனார். அங்கே இரண்டு ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் 'ககுரா' என்ற தெய்வ ஆட்டத்தை ஆடி வருகின்றன. 1982இல் வந்த படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். யுனெஸ்கோ அந்த ஆட்டத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது 2009இல். ஹனேடாவின் படத்தில் ஆட்டம் மட்டும் இல்லை. குதிரையும் மனிதரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த பழைய வளைவு வீட்டை இடிப்பதில் படம் தொடங்குகிறது. விடுதி நடத்தும் குடும்பம், சுற்றுலாக்காரர்கள், நகரத்து மேடைக்குக் கிடைக்கும் அழைப்புகள், புகையிலை விவசாயம் எல்லாம் உள்ளே வருகின்றன. பழமையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டும் ஆசை அவருக்கு இல்லை. வறுமைதான் இந்த ஆட்டத்தை ஊர் ஊராக நடத்தி வளர்த்தது, வறுமை போனால் ஆட்டம் என்ன ஆகும் என்று கேட்கும் துணிவு இருந்தது. ஒகாவாவுக்குக் கிடைத்த உலகப் புகழில் பாதிகூட இவருக்குக் கிடைக்கவில்லை, அது அநியாயம்.

இனி 2011. மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தபின் வடகிழக்குக் கடற்கரைக்குக் கேமராக்கள் படையெடுத்தன. அதற்குள் டிஜிட்டல் வந்துவிட்டது, ஓராள் போதும். சக்காய் கோ, ஹமாகுச்சி ரியூசுகே இருவரும் பேரலையின் காட்சிகளைத் தொடாமல், தப்பியவர்களை இருவர் இருவராக எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். பின்னர் 2013இல், மியாகி மாவட்டத்தில் வாய்மொழிக் கதைகளைப் பல பத்தாண்டுகளாகத் தேடித் தேடிக் கேட்டுவரும் ஓனோ கஸுகோவை வைத்து 'பாடுகிறவர்கள்' என்ற படம் செய்தார்கள். கதை சொல்கிறவரின் திறமையைவிட, கேட்கிறவரின் முகம் அதை எப்படி வரவழைக்கிறது என்பதுதான் அதில் விஷயம்.

கொமோரி ஹருகா, ஓவியரும் எழுத்தாளருமான செயோ நட்சுமி இருவரும் பேரலைக்கு மறு ஆண்டு அந்தப் பகுதிக்கே குடிபெயர்ந்தார்கள். கொமோரி ஒரு சோபா நூடுல்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒகாவா குழு நெல் பயிரிட்டதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை, கடன் குறைவு என்பதைத் தவிர. 2016இல் வந்த 'மூச்சின் தடம்' என்ற அவருடைய படத்தில் ரிக்குசென்டகாட்டாவின் விதைக்கடைக்காரர் ஒருவர் வருகிறார். அலை அடித்துக்கொண்டு போன இடத்திலேயே தானே கொட்டகை கட்டிக் கடை நடத்துகிறார். தன் அனுபவத்தைத் தானாகக் கற்ற ஆங்கிலத்தில் எழுதிப் புத்தகமாக்குகிறார், பிறகு சீன மொழியில். தாய்மொழியில் எழுதினால் தாங்கவில்லை என்கிறார். நாற்றுத் தட்டுகளுக்கு நடுவே நின்று தம் ஆங்கில வாக்கியங்களை உரக்கப் படிக்கிறார், எதிரே கேமராவைப் பிடித்திருக்கும் பெண்ணை அவ்வப்போது சீண்டுகிறார்.

அந்த ஊரின் தரையை அரசு பத்து மீட்டருக்கும் மேல் மண் கொட்டி உயர்த்தியது. பழைய தெருக்கள் புதிய தெருக்களுக்கு அடியில் போயின. செயோ எழுதிய 'இரட்டை அடுக்கு ஊர்' என்ற கதையை வைத்து 2018இல் இருவரும் ஒரு முயற்சி செய்தார்கள். ஊருக்குத் தொடர்பில்லாத நான்கு இளைஞர்களை வரவழைத்து, இரண்டு வாரம் ஊர்க்காரர்களிடம் கேட்கவைத்து, கேட்டதைத் திரும்பச் சொல்லவைத்தார்கள். இரண்டே வாரம் என்பது இவ்வளவு நேரம் நான் வைத்த வாதத்தோடு இடிக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்; கேட்க வேண்டும். கேட்கவைத்த இருவரும் ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தவர்கள் என்பது என் பதிலின் பாதி. மறுபாதி அந்த நால்வரிடம் இருக்கிறது. தங்களுக்கு நேராத ஒன்றைச் சொல்லத் தங்களுக்கு உரிமை உண்டா, சொன்னதில் தங்கள் சரக்கு எவ்வளவு கலந்துவிட்டது என்று அவர்கள் கேமராவின் முன் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றங்களைக் கொமோரியும் செயோவும் வெட்டி எறியாமல் படத்தில் விட்டிருக்கிறார்கள்.